அப்பாவோட நீலக் கண்ணாடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க அப்பாவுக்கு 82 வயசு. சொந்த ஊரு உசிலம்பட்டி பக்கம், ஆனா இருபது வயசுலயே கர்நாடகாவுல இருக்குற பத்ராவதி போயி அங்க இரும்பு ஆலைல சேந்து ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஃபர்னஸ்லயே வேலை பாத்தாரு. இப்ப எங்களோடதான் இருக்காரு. அவரு டிரங்குப் பெட்டில பழைய சம்பளச் சீட்டு, கேட் பாஸ், குரூப் போட்டோ, மரப்பிடி போட்ட ஒரு நீலக் கண்ணாடி எல்லாம் கெடக்கு. பிள்ளைக குப்பைன்னு சொல்லுதுக. அப்பாகிட்ட பழைய கதை கேட்டா "என்னத்தா இருக்கு, வேலைக்குப் போனோம் வந்தோம்"னு முடிச்சுடுறாரு. இதையெல்லாம் எப்படிப் பாதுகாக்குறது?
- வாசகி, திருநகர்

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த நீலக் கண்ணாடிய பத்திரமா எடுத்து வைங்க. உலைக்குச் சூடான காத்து ஊதுற குழாய்ல பாக்குறதுக்குன்னு சின்ன ஓட்டை இருக்கும், வெறுங்கண்ணால பாத்தா கண்ணு கூசிப் போயிரும், அதனால இந்த மாதிரி கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடிய முன்னாடி பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள பாப்பாங்க, வெளிச்சத்தப் பாத்தே உலை நல்லா எரியுதா ஆறிக்கிட்டு வருதான்னு சொல்லிருவாங்க. அத இத்தனை வருஷமா பெட்டில வச்சிருக்க மனுஷனுக்கு அது சும்மா போனோம் வந்தோம் வேலையா இருந்திருக்காது.

அவரு வேலை பாத்த ஆலை சாதாரண ஆலை இல்ல. மைசூர் சமஸ்தானம் ஆரம்பிச்சு 1923 ஜனவரில ஓட ஆரம்பிச்சது, இன்ஜினியர் விஸ்வேஸ்வரய்யா முன்னின்னு நடத்துனது. நிலக்கரி பக்கத்துல கிடையாது, அதனால காட்டு மரத்த மூடுன கலத்துல வாட்டி கரியாக்கி அந்தக் கரியிலயே இரும்பு உருக்குனாங்க, கெம்மண்குண்டி மலையில இருந்து தாது வந்துச்சு. 1976 வாக்குல விஸ்வேஸ்வரய்யா பேர வச்சாங்க, 1989ல செயில்ங்கிற மத்திய அரசு உருக்கு கம்பெனி கைக்குப் போச்சு, 1998ல அதோடயே சேத்துட்டாங்க. இத ஏன் சொல்றேன்னா, சீட்டுல தேதி அழிஞ்சு போயிருந்தாலும் மேல அச்சடிச்ச கம்பெனி பேர வச்சு எந்தக் காலம்னு பிரிச்சுரலாம். சரியா நூறு வருஷம் ஆன 2023 ஜனவரில இழுத்து மூடப் போறோம்னு அறிவிச்சாங்க, ஆளுக போராடுனாங்க, அப்புறம் அதே வருஷம் ஒரு பகுதி திரும்ப ஓடுச்சு. அந்தச் செய்தி வந்தப்ப அப்பா என்ன நினைச்சாருன்னு கேட்டீங்களா?

இப்ப எப்படிக் கேக்குறதுன்னு சொல்றேன். "உங்க அனுபவத்தச் சொல்லுங்க"ன்னு கேட்டா யாருக்கும் வாய் வராது. வேலையக் கேளுங்க. முதல் ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, சோத்துல என்ன கொண்டு போவீங்க, உலை வாய அடைச்ச களிமண்ண எப்படிக் குத்தித் திறப்பீங்க, இரும்பு ஓடுற மணல் வாய்க்கால்ல ஈரம் இருந்தா என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவரு நிமிந்து உக்காருவாரு பாருங்க, ஏன்னா ஈர மணல்ல உருகுன இரும்பு பட்டா வெடிக்கும், அந்தப் பயம் ஃபர்னஸ்ல நின்ன எல்லாருக்கும் உண்டு. அவரு கையால செஞ்சு காட்டுனா மூஞ்சிய விட்டுட்டு கைய வீடியோ எடுங்க. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாரு, அத அப்படியே விடுங்க, திருத்தாதீங்க, அந்தப் பேச்சுதான் ஆலைத் தொழிலாளிக குடியிருந்த லைன் வீட்டுப் பேச்சு.

போன்லயே ரெக்கார்ட் பண்ணலாம், ஃபேன நிறுத்திருங்க, குக்கர் விசில் அடிக்காத நேரமா பாத்து உக்காருங்க. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். காது மந்தமா இருந்தா பக்கத்துல உக்காந்து மெதுவா கேளுங்க, உலைச் சத்தத்துல வருஷக்கணக்கா நின்னவங்க காது அப்படித்தான் ஆகும், அதையும் சேத்துப் பதியணும். அடிபட்டவங்க, கான்ட்ராக்ட்ல வந்து பேரே இல்லாமப் போனவங்க, ஸ்ட்ரைக்ல சம்பளம் போனது எல்லாத்தையும் கேளுங்க. பெருமைய மட்டும் எடுத்து வச்சா அது கம்பெனி மலராத்தான் இருக்கும். எதை வெளிய சொல்லலாம், எதை வீட்டோட வைக்கணும்னு அவரையே கேட்டுக்கங்க. அம்மா இருந்தாங்கன்னா அவங்களயும் தனியா உக்கார வச்சுக் கேளுங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்த மனுஷன் பகல்ல தூங்கணும்னு பிள்ளைகள அடக்கி வச்ச கதை அவங்ககிட்டதான் இருக்கும்.

நான் இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க பெரியப்பா மதுரையில ஒரு பஞ்சு மில்லுல ரிங் ஃப்ரேம்னு சொல்ற நூல் நூக்குற மெஷின்ல முப்பது வருஷம் இருந்தாரு. அவரு போனப்புறம் வீடு மாத்துற அவசரத்துல ஒரு சாக்கு பேப்பர பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுட்டோம். ஒரே ஒரு குரூப் போட்டோ மிஞ்சுச்சு, நாப்பது பேரு நிக்கிறாங்க, அதுல பெரியப்பாவத் தவிர ஒருத்தர் பேரும் இன்னைக்கு யாருக்கும் தெரியல. அதனால உங்க போட்டோவ இன்னைக்கே அப்பா முன்னாடி வச்சு ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டு, பின்பக்கம் பென்சிலால லேசா எழுதுங்க. பேனா வேண்டாம், மை ஊறி முன்னாடி வந்துரும்.

கேள்வி: எங்க தாத்தா மில் தொழிலாளி, அவர் காலத்து சங்க நோட்டீஸ் நாலஞ்சு இருக்கு. லேமினேஷன் போட்டு வச்சா நல்லதா?
- வாசகர், ஹார்விபட்டி

பதில்: போடவே போடாதீங்க தம்பி. சூடும் பசையும் சேந்து காகிதத்தோட ஒட்டிக்கிட்டா பிறகு பிரிக்கவே முடியாது. நல்லா ஸ்கேன் எடுத்துட்டு, வெள்ளைத் தாளுக்கு நடுவுல வச்சு அட்டைப் பெட்டில தரையில படாம வைங்க, கரையான் வருதான்னு மாசத்துக்கு ஒருக்கா பாருங்க. மதுரை மில் தொழிலாளிக சங்கம் 1918 வாக்குலயே வரதராஜுலு நாயுடுவும் ரோசாப்பூ துரைன்னு நம்ம ஆளுக கூப்பிட்ட ஜார்ஜ் ஜோசப்பும் முன்னால நின்ன காலத்துல ஆரம்பிச்ச கதை, அதோட தொடர்ச்சிதான் உங்க கையில இருக்கு. வீட்டுல வைக்க இடமில்லன்னா சென்னை தரமணில ரோஜா முத்தையா நூலகத்துல பேசிப் பாருங்க, தமிழ் அச்சுப் பிரதிகளப் பாதுகாக்குறதுதான் அவங்க வேலையே. நொய்டாவுல வி.வி.கிரி தேசிய தொழிலாளர் நிறுவனத்துல தொழிலாளர் ஆவணக் காப்பகமே தனியா இருக்கு. கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும்.