ஸ்ரீசக்கரம், கிளி, மாசி வீதி: கேட்டவர்களுக்குப் பதில்

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், வீடு மாசி வீதிப் பக்கம், கைக்கு வேலை வேண்டுமென்று ஸ்ரீசக்கரம் (முக்கோணங்களால் ஆன அம்மன் வழிபாட்டு யந்திரம்) வரையப் பழகி இப்போது அதுவே பைத்தியமாகிவிட்டது. கேளுங்கள்.

செல்லூர்: டீச்சர், இதில் முக்கோணம் 9 என்கிறார்கள், 43 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. நாம் போடுவது 9. கீழ்நோக்கிய 5 சக்தி, மேல்நோக்கிய 4 சிவன். அவை ஒன்றையொன்று வெட்டும்போது 43 சின்ன முக்கோணங்கள் பிறக்கின்றன, வெளியிலிருந்து 14, 10, 10, 8, நடுவில் 1 என்று எண்ணிப் பாருங்கள். அதற்குள்ளே பிந்து, அதாவது நடுப்புள்ளி. வெளியே எட்டிதழ், பதினாறிதழ்த் தாமரைகள், கடைசியில் நான்கு வாசலோடு பூபுரம் என்கிற சதுரச் சுற்று.

திருமங்கலம்: அக்கா, வரைந்தால் கோடுகள் சேரவே மாட்டேன் என்கின்றன.

சேராது தம்பி, எனக்கும் முதலில் அப்படித்தான், ஒரு நோட்டே வீணானது. முக்கோணங்கள் அமையும் வட்டத்தின் விட்டத்தை 48 பங்காக்கி, மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்று இடைவெளி விட்டால் 9 குறுக்குக் கோடுகள் கிடைக்கும், அவைதான் 9 முக்கோணங்களின் அடிகள். இரண்டு கோடு வெட்டும் இடம் சந்தி, மூன்று கோடு ஒரே புள்ளியில் கூடினால் மர்மம். பென்சில் முனை கொஞ்சம் மழுங்கினாலும் மர்மம் பிசகி, அங்கே இல்லாத ஒரு குட்டி முக்கோணம் முளைத்துவிடும், அப்புறம் 43 என்ற கணக்கே போச்சு. முனையைச் சீவிக்கொண்டே வரையுங்கள்.

மேலூர்: மதுரையையே ஸ்ரீசக்கர வடிவில்தான் கட்டினார்களாமே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள் எல்லாம் சதுரத்துக்குள் சதுரம், முக்கோணம் எங்கே இருக்கிறது? பரிபாடல் இந்த ஊரைத் தாமரைக்கு ஒப்பிடுகிறது, தெருக்கள் இதழ், கோயில் நடுவிலிருக்கும் பொகுட்டு. (அங்கே கோயில் என்பது அரண்மனை என்பாரும் உண்டு.) ஆனால் வெளி வீதியிலிருந்து மாசி, ஆவணி மூலம், சித்திரை தாண்டி ஆடி வீதிக்குள் நுழைந்து அம்மன் சந்நிதி போகிறோமே, ஸ்ரீசக்கரத்துக்குச் செய்யும் நவாவரண பூஜையும் அதே போக்குதான், பூபுரத்தில் தொடங்கி ஒன்பது சுற்றாக உள்ளே போய் பிந்துவில் முடியும்.

அனுப்பானடி: மீனாட்சி கையில் கிளி ஏன்?

சக்தியை வழிபடும் சாக்தர்கள் அவளை ராஜசியாமளையாகப் பார்க்கிறார்கள், லலிதை அம்மனின் மந்திரிணி, அதாவது மந்திரி, வாக்குக்கும் இசைக்கும் உரியவள். சியாமளை என்றால் கிளியும் வீணையும் கூடவே வரும். லலிதா சகஸ்ரநாமம் அந்த மந்திரிணி ஏறும் தேரைக் கேயசக்கரம் என்கிறது, கேயம் என்றால் பாட்டு.

சிம்மக்கல்: ஸ்ரீசக்கரச் செப்புத் தகடு வாங்கிக் கடையில் மாட்டினால் வியாபாரம் பெருகுமா?

அதை ஜோசியரிடம் கேளுங்கள். மாட்டுவதென்றால் எங்கள் வழக்கப்படி நடு முக்கோணத்தின் முனை கீழே இருக்கட்டும். போன மாதம் ஒரு நகைக்கடையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, சொன்னால் சிரிக்கிறார்கள்.