ஏரிக்குள் பைக், கடற்கரையில் ஜீப்: பிடிபட்டால் என்ன தண்டனை? (கேள்வி பதில்)

கோடையில் பறவைகள் சரணாலயமான ஊசுட்டேரி வற்றத் தொடங்கினால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். காய்ந்த ஏரிப் படுகையைப் பார்த்ததும் பைக்கை இறக்கத் தோன்றுகிறது, இறக்குகிறார்கள், மாட்டுகிறார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகப் புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் நீதிமன்றங்களில் வனத்துறை வழக்குகளில் வக்கீலாக ஆஜராகிறேன். பெரும்பாலும் பிடிபட்டவர்கள் பக்கம், சில தடவை புகார் கொடுத்தவர்கள் பக்கம். இந்த முறை வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

வில்லியனூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: "அண்ணா, நாலு பேர் ஊசுட்டேரிக்குள் பைக் ஓட்டினோம். பறவையை எதுவும் செய்யவில்லை. வனத்துறைக்காரர்கள் பிடித்து, மூன்று வருடம் ஜெயில் என்கிறார்கள். நிஜமா?"

அவர்கள் சொன்னதில் பாதி நிஜம், தம்பி. மூன்று வருடம் என்பது அதிகபட்சம். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். பறவையைத் தொட்டீர்களா இல்லையா என்ற பேச்சு அங்கே எழாது. இதற்கு 51-ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதத்தின் உச்சம் 25,000 ரூபாய்தான். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் ஏற்றிவிட்டார்கள். 'போன தடவை என் சித்தப்பா ஐயாயிரம் கட்டிவிட்டு வந்தார்' என்று யாராவது சொன்னால் அது எந்த வருடம் என்று கேளுங்கள்.

முதல் தடவை, சேதம் இல்லை, வயது சின்னது என்றால் விஷயம் பெரும்பாலும் காம்பவுண்டிங்கில் முடியும். 54-ஆவது பிரிவுப்படி, அரசு அதிகாரம் கொடுத்த வன அதிகாரி ஒரு தொகை வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்கலாம். அந்தத் தொகையின் உச்சமும் 25,000-இலிருந்து ஐந்து லட்சமாகிவிட்டது. காம்பவுண்டிங் உங்கள் உரிமை கிடையாது, அவர் விருப்பம். அதனால் ரேஞ்ச் ஆபீஸில் குரலை உயர்த்தாதீர்கள். ஐம்பதாயிரத்தில் முடிய வேண்டியது நீதிமன்றம்வரை போனதற்கு, 'எங்க மாமா யார் தெரியுமா' என்ற ஒரே வாக்கியம் காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஊசுட்டேரியில் நம் பக்கத்தைப் புதுச்சேரி அரசு 2008-இல் சரணாலயமாக அறிவித்தது. விழுப்புரம் மாவட்டப் பக்கத்தைத் தமிழ்நாடு 2014-இல் அறிவித்தது. தண்ணீர் இருக்கும்போதே எல்லை தெரியாது, வற்றினால் சுத்தம். எந்தப் பக்கம் பிடித்தார்கள் என்பதை வைத்துத்தான் எந்தத் துறை, எந்த நீதிமன்றம் என்று முடிவாகும். பிடித்த இடத்தில் அதிகாரிகள் எழுதும் மகஜரில் இடம் சரியாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சேதராப்பட்டு தொழிற்சாலை ஊழியர் ஒருவர்: "ஏரியை ஒட்டின சாலையில் தினமும் வேலைக்குப் போகிறேன். நானும் குற்றவாளியா?"

இல்லை. பொதுச் சாலை வழியாகக் கடந்து போகிறவருக்கு 27-ஆவது பிரிவிலேயே விலக்கு உண்டு. சாலையைவிட்டுச் சக்கரம் இறங்கிய இடத்தில் அந்த விலக்கு முடிந்தது.

கடலூர் முதுநகரிலிருந்து: "சார், என் ஜீப்பை நண்பன் இரவல் வாங்கிப் போய் கழுவெளியில் சேற்றில் இறக்கிவிட்டான். அவன் ஜாமீனில் வந்துவிட்டான், ஜீப் வரவில்லை. கடன் தவணை இன்னும் 31 மாதம் பாக்கி. வண்டி அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்கிறார்களே?"

எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். கழுவெளிச் சதுப்புநிலம் 2021-இல் சரணாலயமானது, 2024-இல் ராம்சர் எனப்படும் சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. அதனால் அங்கே இப்போது யாரும் சும்மா விடுவதில்லை.

39-ஆவது பிரிவில், குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட வண்டி மாநில அரசின் சொத்து என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டித்தான் 'போனது போனதுதான்' என்கிறார்கள். ஆனால் மத்தியப் பிரதேச அரசுக்கும் மதுகர் ராவ் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிடித்ததாலேயே வண்டி அரசுடையதாகிவிடாது, குற்றத்துக்குப் பயன்பட்டது என்று விசாரணையில் நிரூபணமாக வேண்டும், அதுவரை இடைக்காலமாக வண்டியை விடுவிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவில் மனுப் போடலாம். ஆர்சி புக், இன்சூரன்ஸ், கடன் கொடுத்த வங்கியின் கடிதம், ஜாமீன்தாரர் எல்லாம் தயாராக இருக்கட்டும். வண்டியை விற்க மாட்டேன், நிறம் மாற்ற மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும்.

தாமதிக்காதீர்கள். தொழில் தொடங்கிய காலத்தில், தண்டனை என்ன ஆகும் என்ற கவலையிலேயே நானும் என் கட்சிக்காரரும் வண்டியை மறந்துவிட்டோம். வழக்கில் அவருக்கு விதித்தது வெறும் அபராதம். வண்டியை எடுக்கப் போனால் நாலு டயரும் மண்ணோடு ஒட்டிப்போய், பானெட் மேல் கோவைக்கொடி படர்ந்து காய்த்திருந்தது. இரும்பு விலைக்குத்தான் போயிற்று. நீதிபதி எழுதாத தண்டனை, அபராதத்தைப்போலப் பல மடங்கு. அது என் தவறும்தான்.

தண்டனை தீர்ப்பானால் வண்டியைப் பறிமுதல் செய்ய உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நண்பன் எங்கே போகிறான் என்று உங்களுக்குத் தெரியாது என்பதை இப்போதே எழுத்தில் சொல்லிவையுங்கள். 'சேற்றில் ஓட்டிக் கலக்குடா மச்சி' என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் இருந்தால் என்னிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: "கடற்கரை சரணாலயம் இல்லையே? ராத்திரி மணலில் ஜீப் ஓட்டினால் என்ன வந்துவிடும்?"

இங்கேதான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். சரணாலயத்துக்குள் நுழைந்தவருக்கு வரும் தண்டனையைவிடப் பெரிய தண்டனை, சரணாலயமே இல்லாத கடற்கரையில் வரலாம்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை, சில வருடம் அதற்குப் பிறகும், நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிறது. வன உயிரினச் சட்டம் அதிகப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிற உயிரினம் அது. இப்போது 2-ஆவது பிரிவில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். துப்பாக்கியால் சுடுவது மட்டுமில்லை. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தபட்சமே மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காம்பவுண்டிங்கும் கிடையாது.

'தெரியாமல் ஏறிவிட்டது சார்' என்பது வாதம்தான், நானே வாதாடுவேன். கூடு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒன்று, தெரியாவிட்டால் இன்னொன்று என்று நீதிபதி யோசிக்க இடம் இருக்கிறது. ஆனால் வனத்துறை வேலி போட்டுப் பலகை வைத்த பொரிப்பகத்தின் மேலேயே ஏற்றிவிட்டு அப்படிச் சொன்னால் எடுபடாது. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அத்தனை நாளும் மேலே மணலைத் தவிர வேறொன்றும் தெரியாது. டயர் பள்ளம் இன்னொரு தொல்லை. கடலைப் பார்த்து ஓடும் குஞ்சு அதில் விழுந்தால் ஏற முடியாமல் பள்ளத்தோடேயே போகும், நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும்.

தாழங்குடா பக்கம் வலை இழுக்க டிராக்டர் இறக்குகிற மீனவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். கூடு எங்கே என்று உங்களுக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கிள்ளையிலிருந்து: "பிச்சாவரம் ராம்சர் தலம் ஆகிவிட்டதே, அதற்குத் தனித் தண்டனை உண்டா?"

2022-இல் கிடைத்த அந்த அங்கீகாரத்தில் மட்டும் தண்டனைப் பிரிவு எதுவும் இல்லை. பிச்சாவரம் காப்புக்காடு. அத்துமீறினால் 1882-ஆம் வருடச் சென்னை வனச் சட்டம், இப்போது தமிழ்நாடு வனச் சட்டம், அதன் 21-ஆவது பிரிவு பாயும். சுரபுன்னையை நசுக்கி வண்டிப் பாதை போட்டால் 1986-ஆம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் சேரும். அதில் முன்பு ஐந்து வருடம் வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து அதை எடுத்துவிட்டு 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை பணத்தண்டனை ஆக்கிவிட்டார்கள். பணக்காரன் தப்பிக்க வழி என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து வருடச் சிறையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு ஒருவரையும் தண்டிக்காமல் இருந்ததற்கு, வசூலாகிற ஒரு லட்சம் மேல்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: "என் பையனுக்குப் பதினாறு வயது. அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்ப் பிடிபட்டான். அவன் வாழ்க்கையே போய்விடுமா ஐயா?"

போகாது அம்மா. அவன் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றத்தைச் சிறார் நீதிச் சட்டம் சிறு குற்றமாகவே பார்க்கிறது. எச்சரித்து அனுப்பலாம், ஆலோசனை வகுப்புக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். பிறகு வேலைக்கோ படிப்புக்கோ இது தகுதிக் குறைவாகக் கணக்கில் வராது.

கவலைப்பட வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். ஏரிவரைக்கும் பையன் பறந்தா போனான்? ரோட்டில்தானே ஓட்டிப் போனான். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில், சிறுவன் ஓட்டினால் வண்டி உரிமையாளருக்கு அல்லது பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான், சாவியைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன் என்று நிரூபித்தால் அப்பா தப்பலாம். சாவி ஆணியில் தொங்கியது என்றால் கொஞ்சம் கஷ்டம்.

அரியாங்குப்பத்திலிருந்து: "ஜெயிலுக்குப் பதிலாகச் சமூக சேவை கொடுக்கப் புதிய சட்டத்தில் வழி இருக்கிறதாமே?"

2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஒரு தண்டனைதான். ஆனால் குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா, அவதூறு, சின்னத் திருட்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குற்றங்களுக்கு மட்டும். வன உயிரினச் சட்டத்துக்கு அது வராது. அங்கே கேட்க வேண்டியது 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமானாலும் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரத்தில் விடலாம். சரணாலயத்துக்குள் வேட்டையாடியவருக்கு, வயது 18-க்குக் குறைவாக இருந்தால் தவிர, இது கிடையாது என்று வன உயிரினச் சட்டத்தின் 51-ஆவது பிரிவே தடுக்கிறது. வெறுமனே நுழைந்தவருக்கு அந்தத் தடை இல்லை. கேட்டுப் பாருங்கள், பல வக்கீல்கள் கேட்பதே இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து: "பாரீஸில் இருக்கும் என் அக்கா பையன், பிரான்சில் காட்டுக்குள் பைக் ஓட்டினால் பெரிய தண்டனை என்கிறான்."

பெரிது என்று சொல்ல மாட்டேன். அங்கே 1991 ஜனவரியில் வந்த சட்டப்படி, பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த பாதைகளைவிட்டு இயற்கைப் பகுதியில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. மீறினால் 1,500 யூரோ வரை அபராதம். சிறை இல்லை. தடை மட்டும் சரணாலயத்தோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: "துபாய் வேலைக்கு முயற்சி செய்கிறேன். இந்த வழக்கு இடிக்குமா?"

காம்பவுண்டிங்கில் முடிந்தால் அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அந்த நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும், கிடைக்கும், வாய்தா இரண்டு மூன்று ஆகும். விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பதுதான் ஆபத்து.

பூத்துறையிலிருந்து, பறவை பார்க்கப் போகிற ஒருவர்: "நாங்கள் புகார் கொடுத்தாலும் நடவடிக்கை இல்லையென்றால்?"

வன உயிரினச் சட்டத்தின் 55-ஆவது பிரிவைப் பயன்படுத்துங்கள். இன்ன குற்றம் நடந்தது, நான் நீதிமன்றம் போகப் போகிறேன் என்று அரசுக்கோ உரிய அதிகாரிக்கோ 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, எந்தக் குடிமகனும் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலும் அறுபதாவது நாளுக்கு முன்பே ரேஞ்ச் ஆபீஸிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். வீடியோ எடுப்பதானால் பைக் தாவுவதை மட்டும் எடுக்காதீர்கள். நம்பர் பிளேட், ஓட்டுகிறவர் முகம், பின்னால் கரையோ அறிவிப்புப் பலகையோ, இவை மூன்றும் ஒரே துண்டில் வர வேண்டும். வண்டி மட்டும் தெரிந்து இடம் தெரியாத வீடியோவை, 'இது எங்கள் வீட்டு வயல்' என்று சொல்லியே நான் கழற்றிவிட்டிருக்கிறேன்.