ஆக்ஸ்ஃபோர்டில் ‘கல்லூரி’ என்றால் என்ன?

ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி என்பது மாணவர்கள் தங்கி, உண்டு, ஆசிரியரோடு உட்கார்ந்து படிக்கும் இல்லம். தேர்வு வைப்பதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம். ஒரே ஊரில் பல கூட்டுக்குடும்பங்கள், ஆனால் பிள்ளைகள் எல்லோரும் எழுதுவது ஒரே பொதுத்தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி? தொடக்கத்தில் பல்கலைக்கழகத்துக்கென்று பெரிய கட்டடம் எதுவும் இல்லை. மாணவர்கள் ஊருக்குள் வாடகைக்குத் தங்கினார்கள், ஊராரோடு அடிக்கடி சண்டை. 1209-இல் அப்படியொரு மோதலுக்குப் பயந்து வெளியேறியவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த ஊர்தான் கேம்பிரிட்ஜ். பாதுகாப்பான இடமும் நிலையான வருமானமும் தேவைப்பட்டன. 1264-இல் வால்டர் டி மெர்ட்டன் தன் நிலங்களை எழுதிவைத்து, விதிமுறைகளும் வகுத்து மெர்ட்டன் கல்லூரியை நிறுவினார். பின்னால் வந்த பல கல்லூரிகள் அதைப் பார்த்துத்தான் அமைந்தன.

நீண்ட மேசைகள் போட்ட உணவுக்கூடம், படகுப் போட்டி, கறுப்பு அங்கி எல்லாம் இருக்கட்டும். அங்கே உண்மையான செல்வம் ‘டியூட்டோரியல்’தான். ஒன்றிரண்டு மாணவர்கள் வாராவாரம் கட்டுரை எழுதிவந்து, ஆசிரியரின் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொல்வார்கள். ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்சே கிடையாது! அப்புறம், பெண்களுக்கு 1879-இலேயே தனி இல்லங்கள் திறந்தும் 1920 வரை பட்டம் தரவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பாடத்துக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒரே கல்லூரியில் இயற்பியல் மாணவரும் சட்ட மாணவரும் அடுத்தடுத்த அறைகளில் இருப்பார்கள்.