நட்டது யார்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளி மலருக்கு எழுதிய கட்டுரையில் ‘சீகை மரங்கள் சோலைக்காடுகளின் மீது ஆதிக்கம் செலுத்துகின்றன’ என்று ஒரு வரி (சீகை என்று நாங்கள் சொல்வது வாட்டில் மரத்தை). ஆதிக்கம் வடசொல், ‘ஆளுமை செலுத்துகின்றன’ என்று மாற்றுங்கள் என்கிறார் உடன் பணிபுரியும் தமிழாசிரியர். எது சரி?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

வடசொல் வழக்குக்கு நான் வரவில்லை. ‘ஆளுமை’ வேண்டாம்; இன்று அதைப் பெரும்பாலும் மனிதர்களின் குணத்துக்குச் சொல்கிறோம். ஆனால் போன மாதம்தான் நீலகிரியின் எமரால்டு ஊர்ப் பக்கம் ஒரு சீகைக்காட்டில் நின்றுவிட்டு வந்தேன். உங்கள் வரியைச் சும்மா விட முடியவில்லை.

ஆதிக்கம், ‘ஆதிக்ய’ என்பதிலிருந்து வந்தது. ‘அதிகம்’ அதற்கு உடன்பிறப்பு. மிகுதி, மிகுதியால் வரும் மேல்நிலை. அதோடு ‘செலுத்து’ சேர்ந்தால் செலுத்துகிற ஒருவர் வேண்டும். வண்டிக்கும் அப்படித்தான், அதிகாரத்துக்கும் அப்படித்தான். சீகை எதைச் செலுத்தியது? ஆஸ்திரேலியாவிலிருந்து தானே கப்பலேறி வந்ததா?

நான் நின்ற அந்தச் சரிவில் என் அப்பா கூலிக்குச் சீகை நட்டார். குழிக்கு இத்தனை என்று கணக்கு. அதற்கு முன் அங்கே எருமைகள் மேய்ந்த புல்வெளி. பள்ளத்தில் சதுப்பு, கோடையிலும் கசியும் ஊற்று. தோடர்கள் கோயிற்கூரை வேயும் புல்லைச் சதுப்பில்தான் அறுப்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் அந்தச் சரிவுக்குப் பெயர் தரிசு. தோல் பதனிடப் பட்டை வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். தரிசில் மரம் நட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? பசேலென்று கிடக்கிற நிலம் எப்படித் தரிசாகும் என்று அப்பா மேஸ்திரியிடம் கேட்டாராம். குழியைத் தோண்டு என்றாராம் மேஸ்திரி. ஆதிக்கம் என்ற சொல்லை நான் அந்தக் காகிதத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன். மரத்துக்குத் தர மாட்டேன்.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே வருகிறது. சீகை வெயில் கேட்கும் மரம். அடர்ந்த சோலையின் நிழலில் அதன் கன்று தலைதூக்காது. அது பிடித்துக்கொண்டது புல்வெளியை. எமரால்டுக்குப் பஸ் ஏறியிருந்தால் கண்ணால் பார்த்திருப்பீர்கள். பார்க்காததைப் பிள்ளைகளுக்கு எழுதலாமா? புல்வெளியை நீங்களும் கணக்கில் எடுக்கவில்லை, அந்தக் காகிதத்தைப் போலவே. வருத்தப்படாதீர்கள். ஒரு சொல்லுக்காகக் கடிதம் எழுதுகிறவரிடம்தான் இவ்வளவு உரிமையோடு பேச முடிகிறது.

அப்பா கயிறு பிடித்து வரிசையாக நட்டார். இன்று வரிசையே இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். ஆள் நுழைய முடியாத நெருக்கம். ஊற்று இருந்த இடத்தைத் தேடினேன், ஈரம்கூட இல்லை.

‘சீகை புல்வெளிகளில் மிகுந்துவிட்டது’ என்று திருத்துங்கள். அடுத்த வரியில் நட்டது யார் என்று எழுதுங்கள். என் அப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குழிக்கூலி வாங்கியவர் அவர்.