ஜெர்மனியில் கார் வீல் கழுவுவது பற்றித் தம்பிக்கு

தம்பி, ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது, பழைய ஜெர்மன் கார் வாங்கியிருக்கிறேன், வாரம் திரும்புவதற்குள் முன்வீல் இரண்டும் கரி பூசியதுபோல் ஆகிவிடுகின்றன, வாசலில் கழுவலாம் என்று வாளியை எடுத்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து தடுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்தக் கருப்போடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெரியவர் மேல் வருத்தம் வேண்டாம். இங்கே தெருவோரம் போகும் மழைநீர் பல இடங்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேராக ஓடையில் விழும். அதனால்தான் தெருவில் கார் கழுவுவதைப் பல நகராட்சிகள் தடை செய்திருக்கின்றன. ஊருக்கு ஊர் விதி மாறும், அபராதமும் உண்டு. நாணயம் போட்டுக் கழுவும் வாஷ்பாக்ஸுக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமை மதியம் வரிசை நிற்கும். வேலை முடிந்து வார நாளில் போவதே நல்லது. சில இடங்களில் சொந்த வாளி கூடாது என்று பலகை இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் கருப்பு எங்கிருந்து வருகிறது? பிரேக் பிடிக்கும்போது, வீலோடு சுழலும் இரும்பு டிஸ்க்கும் அதை இறுக்கும் உராய்வுக் கட்டையான பேடும் உரசி, சூடான நுண்துகள்களாக உதிர்கின்றன. ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் அதிவேகத்திலிருந்து நிறுத்த வேண்டியிருப்பதால் இங்கத்திய பேடுகளில் உலோகம் கலந்திருக்கும், டிஸ்க்கையும் நன்றாகக் கடிக்கும். வண்டியின் எடை முன்னால் சாய்வதால் முன்பிரேக்குக்குத்தான் வேலை அதிகம், உங்கள் முன்வீல் கருத்துப்போவது அதனால்தான். அந்தத் துகள் சூட்டோடு போய் வீலின் மேல்பூச்சில் ஒட்டி, மழை ஈரத்தில் துருப்பிடித்து உள்ளே வேர்விடும். நாலு வாரம் விட்டால் தண்ணீருக்கும் ஷாம்புக்கும் அசையாது. விரலால் தடவிப் பாருங்கள், மணல்தாள்போல் சொரசொரக்கும்.

கடையில் ஃபெல்கன்ரைனிகர் என்று கேளுங்கள், வீல் கழுவும் திரவம் அதுதான். புட்டியில் 'ஸோய்ரஃப்ரை' (säurefrei) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அமிலம் இல்லாதது என்று அர்த்தம். அமிலம் உள்ளதை பாலிஷ் செய்த அலுமினியத்தில் அடித்தால் மங்கிப்போகும். வீல் ஆறியிருக்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உயர் அழுத்தத் தண்ணீரால் தளர்ந்த தூசியைத் தள்ளிவிட்டு, பிறகு தெளியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் நாவல்பழம் பிழிந்ததுபோல் ஊதாச்சாறு வழியும். அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது, கூடவே அழுகிய முட்டை வாடையும் வரும், பயப்பட வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் ஸ்போக்குகளுக்கு நடுவிலும் நட்டுக் குழிகளிலும் தேய்த்து, காயும் முன் அலசிவிடுங்கள். இரும்பு நார் எடுக்கவே கூடாது. வீலுக்கு வைத்த ஸ்பாஞ்ச் காரின் உடம்பில் படக்கூடாது, அதிலிருக்கும் இரும்புத்தூள் பெயின்ட்டைக் கீறிவிடும்.

ஆறியிருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் ஓர் ஆகஸ்ட் மாதம், ம்யூனிக்கிலிருந்து ஏ8 நெடுஞ்சாலை வழியாக வந்தேன். ஸ்வேபிய ஆல்ப் மலை இறக்கம் முழுக்க பிரேக் மிதித்து இறங்கிய கையோடு வாஷ்பாக்ஸில் திரவத்தை அடித்துவிட்டேன். சூட்டில் நொடியில் காய்ந்து, வெண்சாம்பல் திட்டுகளாகப் பதிந்துவிட்டது. எதைப் போட்டும் போகவில்லை. நாலு வீலையும் திரும்பப் பூச்சு போடக் கொடுத்தேன், அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அதிலேயே போயிற்று.

பாதுகாப்புக்கு வருகிறேன், உண்மையான வேலை இதுதான். இங்கே 'ஓ பிஸ் ஓ' என்பார்கள், அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை விண்டர் டயர், அதாவது குளிர்கால டயர். ஆக வருடத்துக்கு இரண்டு முறை வீல் கழன்று கையில் வருகிறது. அப்போதுதான் உள்பக்கத்தையும் கழுவ முடியும். வெளியே பளபளக்கும் வீலின் உட்புறம் எப்படி இருக்கிறது என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளும் வெளியும் வீல் மெழுகோ செராமிக் பூச்சோ போட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறம் தூசி படியும், ஆனால் வேர்விடாது, பல வாரம் தண்ணீருக்கே போய்விடும். நட்டு உட்காரும் இடத்திலும் வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பில் பொருந்தும் முகத்திலும் மெழுகு படக்கூடாது. டிஸ்க்கில் படவே கூடாது. வீலை மாட்டி 50 கி.மீ. ஓடியதும் நட்டு இறுக்கத்தை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் என்ற ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள்.

குளிர்காலத்தில் தெருவுக்கு உப்பு போடுவார்கள். நடைபாதைக் கல்லில் உரசிய கீறல் இருந்தால் உப்பு அது வழியாகப் பூச்சுக்கு அடியில் நுழைந்து, நத்தை ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடு ஓடும். கீறலை அக்டோபருக்கு முன் அடைத்துவிடுங்கள். பழைய கார் என்பதால் இன்னொன்று: 2024 அக்டோபரிலிருந்து, எம்+எஸ் (சேறு, பனி என்பதைக் குறிக்கும்) முத்திரை மட்டும் உள்ள டயர் விண்டர் டயராகச் செல்லாது. மலையும் பனிப்பூவும் போட்ட சின்னம் இருக்கிறதா பாருங்கள்.

தூசி குறைய வேண்டுமானால் அடுத்த முறை பேட் மாற்றும்போது செராமிக் பேட் கேட்கலாம். உங்கள் மாடலுக்கு, மாற்று பிரேக் பாகங்களுக்கான ஈசிஇ ஆர்90 அங்கீகாரம் உள்ளதாக இருக்க வேண்டும், இல்லாததை மலிவென்று போடாதீர்கள். காய்ந்த தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு நுண்ணியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன மாசு விதியான யூரோ 7-ஏ பிரேக் துகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது: சாதாரண காருக்கு கி.மீ.க்கு 7 மி.கி., முழு மின்சாரக் காருக்கு 3.

கழுவி முடித்ததும் காரை அப்படியே கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். ஈர டிஸ்க் ஒரே இரவில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். இரண்டு தெரு ஓட்டி, பின்னால் வண்டி இல்லாதபோது ஐந்தாறு தடவை மெதுவாகப் பிரேக் மிதித்து, டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.