கம்ப்யூட்டர் கேள்வி பதில்: விண்டோஸ விட்டுட்டு லினக்ஸுக்கு

கேள்வி: சார், என் லேப்டாப்புல விண்டோஸ் 10 ஓடுது. 11 போட முடியாதுன்னு அதுவே சொல்லிடுச்சு. லினக்ஸுக்கே போயிடலாம்னு இருக்கேன். அதுலயே பல வகை இருக்கே, உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒரே ஒரு பேரு சொல்லுங்க.

பதில்: ஒரே பேருதான் வேணும்னா லினக்ஸ் மின்ட், சின்னமன் எடிஷன். ரேம் 4 ஜிபிதான் இருக்குன்னா அதுலயே எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான எடிஷன் போடுங்க. ஆனா சார், இது ரெண்டாவது கேள்விங்க. தினமும் எந்தெந்த சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறீங்க, அது லினக்ஸ்ல கிடைக்குமா, இல்லன்னா பதிலுக்கு என்னங்கறதுதான் மொதல் கேள்வி. அத முடிவு பண்ணாம டிஸ்க்க ஃபார்மேட் பண்றது, இருக்கற வீட்டைக் காலி பண்ணிட்டு அப்புறம் வாடகை வீடு தேடற கதைதான்.

11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், ப்ராசஸரும் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருக்கணும், அதனால நல்லா ஓடற மெஷின் கூட தள்ளுபடி ஆயிடுது. 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சாச்சு. அதுக்காக இன்னிக்கு ராத்திரியே மாறணும்னு பதறவேண்டாம். நான் சொல்றது என்னன்னா, மொதல்ல விண்டோஸ்ல இருந்துக்கிட்டே சாஃப்ட்வேர மட்டும் மாத்துங்க. ஆபீஸ் வேலைக்கு லிப்ரெஆஃபீஸ், பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், மெயிலுக்கு தண்டர்பேர்டு, வீடியோவுக்கு விஎல்சி, படத்துக்கு கிம்ப், எல்லாமே விண்டோஸ்லயும் ஓடும், லினக்ஸ்லயும் ஓடும், இலவசம் வேற. ஒரு மாசம் இதுலயே குப்பை கொட்டிப் பாருங்க, கை பழகிடுச்சுன்னா அப்புறம் அடியில சிஸ்டம் மாறினதே பெருசா தெரியாது. பழகலன்னா எதுவும் போகல, பழைய சாஃப்ட்வேர் அங்கேயேதான இருக்கு.

எங்க மாட்டும்னும் சொல்லிடறேன். எக்ஸெல்ல மேக்ரோ (வேலைய தானா செய்யற சின்ன புரோகிராம்) எழுதி வச்சிருக்கீங்கன்னா லிப்ரெஆஃபீஸ்ல பாதி ஓடும் பாதி மக்கர் பண்ணும், ஒவ்வொண்ணா திறந்து பாத்துதான் ஆகணும். வேர்டு ஃபைல்ல வரி எல்லாம் தள்ளிப்போய் பக்கம் கூடிடுச்சுன்னு நிறைய பேர் பொலம்புவாங்க, பெரும்பாலும் அது ஃபான்ட் இல்லாத கோளாறு. காலிப்ரிக்கு பதிலா கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு பதிலா கலாடியா, இது ரெண்டும் எழுத்து அகலம் அதே அளவுல செஞ்சது, போட்டீங்கன்னா வரி பழைய எடத்துலயே நிக்கும். போட்டோஷாப் லினக்ஸுக்கு கிடையாது. கிம்ப் அதே மாதிரின்னு சொல்றவங்க போட்டோஷாப்ப வச்சு சம்பாதிக்காதவங்க. விண்டோஸ் புரோகிராம ஓட்டறதுக்கு வைன்னு ஒண்ணு 1993லேர்ந்து இருக்கு, சின்ன சாஃப்ட்வேருக்கு தாராளமா போதும், ஆனா பொழப்பே நடக்கற சாஃப்ட்வேர அத நம்பி விடாதீங்க. அப்படி ஒண்ணு இருந்தா டூயல் பூட் வச்சுக்குங்க, அதாவது ரெண்டு சிஸ்டத்தையும் ஒரே மெஷின்ல போட்டு, ஆன் பண்ணும்போது எது வேணும்னு எடுத்துக்கறது. இல்ல ரேம் தாராளமா இருந்தா வர்ச்சுவல் மெஷின், லினக்ஸுக்குள்ளயே ஒரு ஜன்னல்ல விண்டோஸ ஓட்டறது.

மெயில் பாப்ல (மெயில உங்க மெஷினுக்கு இறக்கிக்கற முறை) செட் பண்ணியிருக்கீங்களா, ஐமேப்லயான்னும் (சர்வர்லயே வச்சிருக்கற முறை) ஒரு தடவ பாத்துடுங்க. பாப்னா பழைய மெயிலெல்லாம் உங்க டிஸ்க்ல மட்டுமே இருக்க வாய்ப்பு அதிகம், ஃபார்மேட் பண்ணா போச்சு.

கேள்வி: ஆபீஸ்ல எல்லாம் விண்டோஸ், என் மெஷின மட்டும் லினக்ஸ் ஆக்கலாம்னு பாக்கறேன். ஷேர்டு ஃபோல்டர் ஒண்ணு பழைய நாஸ் பெட்டியில (நெட்வொர்க்ல மாட்டின ஸ்டோரேஜ்) இருக்கு, நெட்வொர்க் பிரிண்டர் இருக்கு, என் மெஷினுக்கு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) வேற. நெட்வொர்க்க தொட்டாலே பயமா இருக்கு மேடம்.

பதில்: பயப்பட ஒண்ணுமில்லம்மா, மாத்தறதுக்கு முன்னாடி குறிச்சு வச்சுக்கிட்டா போதும். விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்னு (ipconfig /all) கொடுங்க, ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், மேக் அட்ரஸ் (உங்க நெட்வொர்க் கார்டோட தனி நம்பர்) எல்லாம் வரும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. வைஃபை பாஸ்வேர்டு, ஷேருக்கு போற யூசர்நேம் பாஸ்வேர்டு, இதெல்லாம் விண்டோஸ் ஞாபகம் வச்சிருக்கறதால நமக்கு மறந்தே போயிருக்கும். அதையும் எழுதிக்குங்க.

அப்புறம் பென்டிரைவ்ல லினக்ஸ ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம லைவ்லயே பூட் பண்ணிப் பாருங்க. வைஃபை தெரியுதா? இன்டெல் கார்டுன்னா பெரும்பாலும் தானா வரும். பிராட்காம் கார்டுல சிலது வராது, டிரைவர் (கார்ட ஓட்டற சாஃப்ட்வேர்) தனியா இறக்கணும், இறக்கறதுக்கு நெட் வேணும், நெட் வரணும்னா டிரைவர் வேணும். ஈதர்நெட் கேபிள் இருந்தா தீந்தது, இல்லன்னா போன யுஎஸ்பில மாட்டி டெதரிங் (போனோட நெட்ட கம்ப்யூட்டருக்கு கொடுக்கறது) ஆன் பண்ணுங்க, கம்ப்யூட்டர் அத கேபிள் கனெக்ஷன் மாதிரியே எடுத்துக்கும், டிரைவர் மேனேஜர்ல போய் டிரைவர போட்டுட்டு போன கழட்டிடலாம்.

ஸ்டாட்டிக் ஐபிய லினக்ஸ்ல கையால அடிக்கறத விட ரவுட்டர்லயே உங்க மேக் அட்ரஸுக்கு அந்த ஐபிய ரிசர்வ் பண்ணிடச் சொல்லுங்க. மெஷின் டிஹெச்சிபிலயே (ரவுட்டர் கொடுக்கற ஐபிய எடுத்துக்கற முறை) கெடக்கட்டும், நாளைக்கு மறுபடி சிஸ்டம் மாத்தினாலும் கார்டு அதேங்கறதால ஐபியும் அதேதான் வரும்.

உங்க கேஸ்ல நாஸ்தான் சந்தேகம். ஃபைல் மேனேஜர்ல எஸ்எம்பி, கோலன், ரெண்டு ஸ்லாஷ் (smb://), அப்புறம் நாஸோட ஐபின்னு அடிச்சா ஷேர் திறக்கணும். எஸ்எம்பிங்கறது நெட்வொர்க்ல ஃபோல்டர ஷேர் பண்ற முறை. பழைய பெட்டி சிலது அதோட பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும்தான் பேசும், லினக்ஸ்ல எஸ்எம்பி பேசற சாம்பாங்கற சாஃப்ட்வேர்ல 4.11லேர்ந்து, அதாவது 2019லேர்ந்து, எஸ்எம்பி 1ஐ டீஃபால்ட்டா மூடி வச்சிருக்காங்க. ஃபைல பூட்டி பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் 2017ல பரவினது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான், அதனால செட்டிங்க மாத்தி அத திறந்து விடுன்னு யாராவது சொன்னா ஒடனே செய்யாதீங்க. நாஸோட அட்மின் பக்கத்துல எஸ்எம்பி 2ன்னு ஆப்ஷன் இருக்கா, ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க. பிரிண்டர் புதுசுன்னா டிரைவரே வேணாம், ஒரே நெட்வொர்க்ல இருந்தா தானா வந்து நிக்கும்.

கேள்வி: அக்கா, டூயல் பூட் போட்டேன். விண்டோஸுக்கு போனா டைம் தப்பா காட்டுது, லினக்ஸ்ல வைஃபை அப்பப்ப விட்டு விட்டு வருது, டி டிரைவ்ல எதையும் சேவ் பண்ண முடியல. லினக்ஸே இப்படித்தானா?

பதில்: தம்பி, மூணும் வேற வேற. மதர்போர்டு கடிகாரத்துல உள்ளூர் நேரம் இருக்குன்னு விண்டோஸ் நெனைக்குது, யுடிசி (உலகப் பொது நேரம்) இருக்குன்னு லினக்ஸ் நெனைக்குது, அவ்ளோதான். டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1னு (timedatectl set-local-rtc 1) கொடு, லினக்ஸ் விட்டுக்கொடுத்துடும். டி டிரைவுக்கு காரணம் விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் பண்ணாலும் அது முழுசா அணையறதில்ல, பாதி தூக்கத்துல டிஸ்க்க பிடிச்சு வச்சிருக்கு, அதான் லினக்ஸ் படிக்க மட்டும் விடுது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல போய் அத ஆஃப் பண்ணு. டிஸ்க்க பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீய மறக்காம எடுத்து வச்சுக்க, பயாஸ்ல (மதர்போர்டு செட்டிங்) கை வச்சா கேக்கும்.

வைஃபைக்கு, நெட்வொர்க்மேனேஜர் ஃபோல்டருக்குள்ள கான்ஃப் டாட் டின்னு ஒண்ணு (/etc/NetworkManager/conf.d) இருக்கும், அதுல பவர்சேவ்னு பேரு வர்ற ஃபைல்ல வைஃபை டாட் பவர்சேவ் (wifi.powersave) 3ன்னு இருந்தா 2ன்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணு. பேட்டரி கொஞ்சம் கூட குடிக்கும். அப்பவும் விட்டுச்சுன்னா உன் கார்டோட மாடல் நம்பர எழுதி அனுப்பு, அடுத்த இதழ்ல பாக்கலாம்.