வெளிவராத விளையாட்டின் விதிகளை ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளர்களிடம் எப்படித் தருவது?

கேள்வி: எங்கள் புதிய போர்டு கேமுக்குக் கூடுதல் கார்டுகள் எழுத மூன்று ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளர்களை அமர்த்தியிருக்கிறோம். மூவரும் வெவ்வேறு நாட்டில் இருப்பவர்கள். இன்னும் வெளிவராத விதிநூலை அவர்களுக்கு அனுப்பலாமா? கசிந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: தாராளமாக அனுப்பலாம், ஆனால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பதிப்புரிமை உங்கள் விதிநூலின் வாசகத்தையும் ஓவியங்களையும்தான் காக்கும். விளையாடும் முறையைக் காக்காது. அதே உத்தியை இன்னொருவர் தன் சொந்த நடையில் எழுதிவிட்டால், பதிப்புரிமையை வைத்து அவரைத் தடுப்பது மிகக் கடினம். அங்கே கைகொடுப்பது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பகிரங்கமாகிவிட்ட ஒன்றைப் பல நாடுகளில் புதியதாக ஏற்க மாட்டார்கள்.

எது ரகசியம், எந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம், எந்த நாள்வரை என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நண்பர்களோடு விளையாடிப் பார்க்கலாமா, ஏஐ செயலியில் விதிகளை ஒட்டலாமா, வேலை மாதிரியாக எப்போது காட்டலாம் என்பதையும் சேருங்கள். நல்ல மனிதர்கள்கூட சறுக்குவது இங்கேதான். அப்புறம், அவர்கள் எழுதும் கார்டுகளின் உரிமை உங்களுக்கு மாறுவதற்குத் தனி வாசகம் வேண்டும். பணம் கொடுத்ததாலேயே உரிமை எல்லா நாட்டிலும் தானாக வந்துவிடாது.

சரி, எவ்வளவு காட்டுவது? பயந்துபோய் பாதி விதிகளை மறைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'உங்கள் முறை முடியும்போது இரண்டு கார்டு எடுங்கள்' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். கையில் ஐந்துக்கு மேல் இருந்தால் அதன்பின் உடனே கழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாவிட்டால், கை நிறைந்தவருக்கு அந்தக் கார்டு பாதிப் பயன்கூடத் தராது. அடிப்படை விதிகளை முழுசாகக் கொடுங்கள். கதையின் முடிவு, மற்ற இருவரின் வரைவுகள், வெளியீட்டுத் தேதி ஆகியவை அவருக்குத் தேவையில்லை.

மின்னஞ்சல் இணைப்பாக அனுப்பாமல், ஒரே கோப்பை அவரவர் கணக்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். 'லிங்க் உள்ள எவரும்' என்ற அமைப்பு வேண்டாம். கூகுள் டாக்ஸில் பார்வையாளர்களுக்குப் பதிவிறக்கத்தை நிறுத்தலாம், ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நிறுத்த முடியாது. பிடிஎஃப் தந்தே ஆக வேண்டுமென்றால் பக்கந்தோறும் பெறுபவர் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். ஒருவர் பழைய பதிப்பையும் இன்னொருவர் புதியதையும் வைத்து எழுதும் குழப்பத்துக்கும் அந்த எண்ணே மருந்து.

கசிந்துவிட்டால் முதலில் எல்லோருடைய அணுகலையும் நிறுத்துங்கள். பிறகு உங்கள் பகிர்வு அமைப்புகளைப் பாருங்கள், ஓட்டை உங்கள் பக்கமே இருக்கலாம். விதிநூலின் பக்கங்கள் அப்படியே எங்காவது ஏறியிருந்தால், பதிப்புரிமையைக் காட்டி நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதலாம். கசிந்த பக்கத்தில் ஒருவர் பெயர் இருந்தால், அவரிடம் தனியாக, எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அவர் பதில் வரும்வரை பொதுவெளியில் யார் பெயரையும் சொல்லாதீர்கள்.